தோற்றுவிட்டு வரச் சொல்லாதீர்கள்

மருந்துப் பட்டியலை முடிவு செய்யும் குழுவினருக்கு,

வணக்கம். சிறுநீர் அவசரத் தொல்லைக்கு மிராபெக்ரான் எழுதிய சீட்டை, "ஆக்ஸிபியூட்டினின் முயன்று பார்க்கப்படவில்லை" என்ற ஒற்றை வரியோடு மறுபடியும் திருப்பியிருக்கிறீர்கள். அதே தொல்லைக்கான, விலை குறைந்த ஆக்ஸிபியூட்டினினை முதல் படியாகக் கொடுத்து, அது தோற்றால்தான் அடுத்த படியான மிராபெக்ரானுக்கு அனுமதி என்பது உங்கள் விதி. நோயாளிக்கு எழுபது கடந்துவிட்டது, மறதிக்கு டோனெபெசில் சாப்பிடுகிறார். இரண்டுமே விண்ணப்பத்தில் இருந்தன.

நரம்புகளின் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சிதையாமல் டோனெபெசில் காக்கிறது. ஆக்ஸிபியூட்டினின் அதே அசிட்டைல்கோலினை வேலை செய்ய விடாமல் தடுக்கிறது. ஒன்றுக்கொன்று எதிரான இரண்டையும் ஒரே வயிற்றுக்குள் போடச் சொல்கிறீர்கள். மறதிநோய் உள்ளவர்களுக்கு இவ்வகை மருந்தைத் தவிர்க்கச் சொல்லும் பியர்ஸ் பட்டியல் (முதியவர்களுக்கு ஆகாத மருந்துகளின் பட்டியல்) உங்களுக்குத் தெரியாததல்ல. இவர்களுக்கு அந்த முதல் படியைக் கட்டாயமாக்காதீர்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.

மறதி இல்லாதவர் பாடும் லேசானதல்ல. அசிட்டைல்கோலின் வந்து பற்றியதும் சிறுநீர்ப்பைத் தசையைச் சுருங்க வைக்கும் எம்3 ஏற்பியைத்தான் ஆக்ஸிபியூட்டினின் அடைக்கிறது. அதே ஏற்பிதான் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் இருக்கிறது. 5 மி.கி. மாத்திரையை மூன்று வேளை போட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், பேச்சு குழறும். வாய் காய்கிறதே என்று தண்ணீராகக் குடிப்பார். குடித்தது எங்கே போகும்? ராத்திரி இன்னொரு முறை எழ வேண்டியதுதான். குடலும் மந்தமாகி மலம் இறுகும். நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை அழுத்த, அவசரம் கூடும். மருந்து பிடிக்கவில்லை என்று டோஸை ஏற்றுவார்கள், வாய் இன்னும் காயும். முழுப் பலன் தெரிய நான்கு முதல் எட்டு வாரம் ஆகலாம். அதற்குள் பலர் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள், மருத்துவரிடமும் சொல்வதில்லை. சொல்லாததால் உங்கள் பதிவேட்டில் அது 'தோல்வி' என்றும் ஏறுவதில்லை. அடுத்த படியும் கிடைப்பதில்லை.

வாயைக் காய வைப்பதில் பெரும்பங்கு, குடலிலும் கல்லீரலிலும் அந்த மருந்து மாறி உண்டாகும் துணைப்பொருளுக்கு உண்டு. தோலில் ஒட்டும் பட்டையில் அது குறைவு. தோல் அரிக்கும், ஆனாலும் வாய் பிழைக்கும். அந்தப் பட்டையும் உங்கள் முதல் படியில் இல்லை.

மிராபெக்ரானைக் குறையற்றது என்று சொல்லவில்லை. ரத்த அழுத்தத்தை ஏற்றும். 180/110-க்குக் குறையாமல் நிற்பவருக்குக் கொடுக்கவே கூடாது. ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபுரோலால் சாப்பிடுபவருக்கு ரத்தத்தில் அந்த மெட்டோபுரோலாலின் அளவைக் கூட்டும். நீடித்து வெளியாகும் மாத்திரை என்பதால் பொடிக்கவும் முடியாது. இவற்றையெல்லாம் பார்த்து, 25 மி.கி.-யில் தொடங்கத்தான் மருத்துவர் எழுதியிருக்கிறார்.

உங்கள் படிவத்தில் கையொப்பத்துக்கு மூன்று இடம், நோயாளி சாப்பிடும் மற்ற மருந்துகளுக்கு ஒரே வரி. மனச்சோர்வுக்குத் தரும் அமிட்ரிப்டிலின், அரிப்புக்குத் தரும் ஹைட்ராக்சிசின், தூக்கத்துக்கென்று சீட்டில்லாமல் வாங்கும் டைஃபென்ஹைட்ரமின் எல்லாமே அசிட்டைல்கோலினைத் தடுப்பவைதான். அந்த ஒரு வரியில் இந்தச் சுமையை எப்படிக் கூட்டிப் பார்த்தீர்களோ! மாத்திரை விலையில் மிச்சம் பிடிக்கிறீர்கள், சரி. இந்தச் சுமையால் தள்ளாடி எழுந்து கழிப்பறை வாசலில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அந்தச் செலவு யார் கணக்கில்? அது வேறு துறையின் தலைவலி போலும்.

சூடாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: முதியவர்களுக்கும், மறதி உள்ளவர்களுக்கும், குறுகிய கோணக் கண்ணழுத்த நோய் உள்ளவர்களுக்கும் முதல் படியைக் கட்டாயமாக்காதீர்கள்.

திருப்பிய சீட்டை மீண்டும் இணைத்திருக்கிறோம். ஆக்ஸிபியூட்டினின் முயன்று பார்க்கப்படவில்லை. முயலப் போவதும் இல்லை.

இப்படிக்கு,
சீட்டுகளைச் சரிபார்க்கும் மருந்தாளுநர்கள்