டி.வி.யைச் சுவரில் மாட்டலாமா?

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள், கைக்கு எட்டியதையெல்லாம் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று எழுதியிருந்தாய். படிக்கவே சந்தோஷமாக இருந்தது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சாயங்காலத்தில் தெருமுனை வரை தனியாகவே போய் வருகிறார்.

புது டி.வி.யைச் சுவரில் மாட்டுவதா, மேஜையிலேயே வைத்துக்கொள்வதா என்று கேட்டிருக்கிறாய். வீட்டில் நடை பழகும் குழந்தை இருக்கும்போது நான் வேறு என்ன சொல்வேன்? மாட்டிவிடு. 55 அங்குல டி.வி. சுமார் 15 கிலோ எடை இருக்கும். இப்போது வருகிற டி.வி.க்கு ஆழமும் இல்லை, இரண்டு மெல்லிய கால்களில்தான் நிற்கிறது. குழந்தை விளிம்பைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தால் அப்படியே முன்பக்கம் சாய்ந்துவிடும். மாட்டும் நாள் வரை மேஜையிலேயே இருக்கப் போகிறது என்றால், டி.வி.யின் பின்புறத்திலிருந்து ஒரு பட்டையைச் சுவரோடு சேர்த்துக் கட்டி வை.

ஆனால் குழந்தைக்கு எட்டக் கூடாது என்று ரொம்ப மேலே ஏற்றிவிடாதே. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். குழந்தை திரையைத் தொடுவதால் யாருக்கும் காயமில்லை, டி.வி. விழுந்தால்தான் ஆபத்து. உயரத்தில் மாட்டிய டி.வி.யை அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்கிறது என்று சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மாட்ட வருபவர் நின்றுகொண்டு அளப்பார். நாமோ உட்கார்ந்து பார்க்கிறோம். சோபாவில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 105 செ.மீ. உயரத்தில் இருக்கும். திரையின் நடுப்பகுதி அங்கே வர வேண்டும். 55 அங்குலத் திரையின் உயரம் 68 செ.மீ. போல, ஆக அடிவிளிம்பு தரையிலிருந்து 70 செ.மீ.யில் நிற்கும். கேட்கும்போது தாழ்வாகத்தான் தோன்றும். டி.வி. அளவுக்குப் பழைய செய்தித்தாள்களை ஒட்டிச் சுவரில் பதித்து, இரண்டு நாள் உட்கார்ந்தும் சாய்ந்தும் பார். அப்புறம் முடிவு செய். சோபாவுக்கும் சுவருக்கும் 2 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அந்த அளவுத் திரைக்குச் சரியாக இருக்கும்.

இன்னொன்று: பிராக்கெட் (டி.வி.யைச் சுவரில் பிடித்து நிறுத்தும் இரும்புத் தாங்கி) மாட்டும் துளைகள் எல்லா டி.வி.யிலும் நட்டநடுவில் இருப்பதில்லை, சிலவற்றில் கீழே தள்ளி இருக்கும். அடிவிளிம்பிலிருந்து துளை வரை அளந்துகொண்டுதான் சுவரில் குறி போட வேண்டும்.

சுவரைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லையே! செங்கல்லா, கான்கிரீட்டா, ஜிப்சம் பலகைத் தடுப்பா? செங்கல் என்றால் துளையிடும்போது பக்கத்தில் நின்று தூளைக் கவனி. முதலில் சாம்பல் நிறத்தில் வருவது பூச்சு. அப்புறம் சிவப்பாக வந்தால் செங்கல்லில் இறங்கிவிட்டது. சாம்பலாகவே வந்துகொண்டிருந்தால் இரண்டு கல்லுக்கு நடுவே உள்ள கலவையில் போகிறது. அங்கே பிளக் (திருகு இறுக்கமாக நிற்கத் துளைக்குள் செருகும் உறை) உறுதியாகப் பிடிக்காது, துளையைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல். பூச்சில் மட்டும் பிடித்து நிற்கும் திருகு எந்த எடையையும் தாங்காது. ஜிப்சம் பலகையானால் உள்ளே இருக்கும் சட்டத்தில்தான் திருக வேண்டும், வெறும் பலகையை நம்பாதே. ஸ்விட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் கீழேயும் பெரும்பாலும் ஒயர் ஓடும், அந்தக் கோட்டில் துளையே வேண்டாம். சுவருக்குப் பின்னால் குளியலறை இருந்தால் குழாய் போகும் வழியையும் விசாரித்துக்கொள்.

இழுத்துத் திருப்பும் கை வைத்த பிராக்கெட் மேல் உன் மகனுக்கு ஆசை என்றாய். வேண்டாம் என்பேன். 15 கிலோ டி.வி.யை அரை மீட்டர் வெளியே இழுத்தால், பிராக்கெட்டில் சுவரோடு திருகும் தகடு 20 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள், மேல் திருகுகளைப் பிடுங்கும் விசை 37 கிலோவைத் தாண்டும். குழந்தை அதில் தொங்கினால் இன்னும் கூடும். சுவரோடு ஒட்டி நிற்கும் சாதாரண பிராக்கெட்டே உங்களுக்குப் போதும். ஆனால் அதை வாங்கும் முன் டி.வி.யின் பின்புறத்தைத் திருப்பிப் பார். எச்.டி.எம்.ஐ. துளைகள் (படமும் ஒலியும் கொண்டுவரும் கேபிளைச் செருகும் இடம்) பக்கவாட்டில் இருந்தால் கவலையில்லை. நேராகப் பின்பக்கம் பார்த்திருந்தால் டி.வி.க்கும் சுவருக்கும் நடுவே கேபிள் செருக இடம் வேண்டும்.

பவர் ஒயரைச் சுவருக்குள் புதைக்க மட்டும் விடாதே. டி.வி.க்குப் பின்னாலேயே ஒரு பிளக் பாயின்ட் வைக்க எலெக்ட்ரீஷியனிடம் சொல். மற்ற கேபிள்களுக்கு ஒரு அகலமான குழாயைப் பதித்துவிட்டால் பின்னால் எதையும் மாற்ற எளிது.

சுவர் என்ன வகை, டி.வி. பெட்டியில் எடை எவ்வளவு போட்டிருக்கிறது, பிராக்கெட் துளைகளுக்கு நடுவே எத்தனை மி.மீ. என்று மட்டும் எழுது. எந்த பிளக், எந்த போல்ட் என்று உடனே பதில் போடுகிறேன். பேத்தியின் புகைப்படம் ஒன்றும் அனுப்பு, அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
உன் நண்பன்