பதிமூன்று சீட்டுக்கு இந்தப் பக்கம்: ஜிஎஸ்டி கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

ஜிஎஸ்டி கவுன்சில் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கமுங்க.

திருப்பூரில் பவர்டேபிள் வைத்திருக்கிறேன். பனியன் கம்பெனிகள் கட்டிங் பண்ணித் தரும் பீஸை ஓவர்லாக், பிளாட்லாக் போட்டுத் தைத்துக் கொடுக்கும் வேலை. டெய்லர்கள் ஊத்துக்குளி, பெருமாநல்லூர் பக்கமிருந்து வருகிறவர்கள். ஷிப்மென்ட் நெருங்கினால் ராத்திரியும் ஓட்ட வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் பெண்களை வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் பொறுப்பு. அதற்கு ஒரு வேன் வேண்டும்.

வேன் என்று நாங்கள் சொல்கிறோம். உங்கள் சட்டத்துக்கு அதுவும் காரும் ஒன்றுதான். 17(5) பிரிவின்படி, ஆள் ஏற்றும் வண்டியில் டிரைவரையும் சேர்த்து 13 சீட்டுக்கு மேல் இல்லையென்றால் உள்ளீட்டு வரிக் கிரெடிட் கிடையாது; அதாவது வாங்கும்போது கொடுத்த வரியை, நாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. அந்த வண்டியின் சர்வீஸ், இன்சூரன்ஸுக்கும் கிடையாது. வரிக்கு முன் 6 லட்சம் விலை என்று வைத்தால், 18 சதவீதத்தில் 1,08,000 ரூபாய். எங்கள் தையல் கூலிக்குக் கட்டும் 5 சதவீத வரியில் கழித்திருக்க வேண்டிய பணம் அது.

பெரிய கம்பெனி நாற்பது சீட் பஸ் வாங்கினால் கிரெடிட் உண்டு. அதே டெய்லர், அதே ரோடு. டிரைவிங் ஸ்கூல்காரர் சின்னக் கார் வாங்கினாலும் உண்டு. நானே ஒரு குட்டியானை வாங்கினால் எனக்கும் உண்டு, ஏனென்றால் அது சரக்கு வண்டி. ஆனால் அதன் பின்னால் ஆளை ஏற்ற முடியுமா? ஏற்றக் கூடாது, ஏற்றவும் மாட்டேன்.

தடை எதற்கென்று புரியாமல் இல்லை. கம்பெனி பேரில் கார் வாங்கி, குடும்பத்தோடு கொடுமுடிக்கும் பழனிக்கும் போய்வருகிற முதலாளிகள் எங்கள் ஊரில் நிறையவே உண்டு. அவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். ஆனால் சீட்டை எண்ணி அவர்களைப் பிடிக்கப் போய், பத்து டெய்லர் வைத்திருப்பவனையும் சேர்த்துப் பிடிக்கிறீர்கள்.

பிரிட்டனிலும் இந்தக் கார், வேன் தகராறு உண்டு, அங்கே வருமான வரியில். கோகோ கோலா டெக்னீசியன்களின் வண்டிகளில் வாக்ஸ்ஹால் விவாரோவை வேன் என்றும், ஃபோக்ஸ்வேகன் கோம்பியைக் கார் என்றும் தீர்ப்பாயம் சொன்னது. 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் எல்லாமே கார்தான் என்று முடித்துவிட்டது. கம்பெனி தோற்றது. ஆனாலும் அங்கே பார்த்தது, அந்த வண்டி முக்கியமாகச் சரக்குக்கு ஏற்றதாகக் கட்டப்பட்டதா என்பதை. வெறும் சீட் கணக்கை அல்ல.

புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. சொந்த உபயோகமும் தொழிலும் கலந்திருந்தால் தொழில் பங்குக்கு மட்டும் கிரெடிட் என்று 17(1) ஏற்கெனவே சொல்கிறது. கணக்குப் பிரிப்பது சிரமம் என்பதால் வங்கிகளுக்கு 17(4)-ல் பாதி கிரெடிட் எடுத்துக்கொள்ளும் வழியும் வைத்திருக்கிறீர்கள். சரி, அந்தப் பாதியை எங்களுக்கும் கொடுங்கள். ஏழு சீட்டிலிருந்து பதிமூன்று வரை, பதிவு பெற்ற யூனிட்டின் பேரில், யூனிட்டுக்கு ஒரே வண்டி. பிஎஃப், இஎஸ்ஐ கட்டும் ஆள் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள், காட்டுகிறோம்.

தமிழக அமைச்சரும் கவுன்சிலில் உறுப்பினர்தான். அடுத்த கூட்டத்தில் இதை அவரே எடுத்து வைத்தால் நல்லதுங்க.

இப்படிக்கு,
திருப்பூர் பவர்டேபிள்காரன் ஒருவன்