ஆறு வயதுக்கு வாசிக்க வருகிற பாட்டாகப் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாளுக்காக உங்கள் சிறுவர் பக்கத்தில் ஒரு பாட்டு வெளியிட்டிருந்தீர்கள். படம் அழகாக இருந்தது. பாட்டைத்தான் என் பேத்தியால் முதல் வரியைத் தாண்டி வாசிக்க முடியவில்லை. இரண்டாம் வகுப்புக்குப் போகிறவள். 'சுற்றுச்சூழல்' என்ற சொல்லிலேயே வண்டி நின்றுவிட்டது. அதைத் தள்ளிக்கொண்டு போனால் அடுத்து 'மாசுபாடு', அப்புறம் 'உறுதியேற்போம்'. அவளுக்கு வாசிக்கவே தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள், அதே பக்கத்து மூலையில் இருந்த பிஸ்கட் விளம்பரத்தை யாரும் கேட்காமலே சத்தமாக வாசித்தாள்.

நான் நெல்லை மாவட்டத்தில் ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் 31 வருஷம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குப் பாடம் நடத்தியவள். அந்த உரிமையில் சொல்கிறேன், நாம் பிள்ளைகளுக்கு என்று எழுதும் சுற்றுச்சூழல் பாட்டுகளில் பாதி, பெரியவர்கள் ஊர்வலத்தில் தூக்கிப் பிடிக்கிற தட்டியில் இருக்க வேண்டியவை. மரம் வளர்ப்போம், மழை பெறுவோம் என்று ஆறு வயதுப் பிள்ளையிடம் போய் எதற்குச் சொல்ல வேண்டும்? அது மரத்தை வெட்டவா போகிறது? அதற்கு வேண்டியது வேலியில் தலையாட்டுகிற ஓணான், மழை விட்டதும் கத்துகிற தவளை, வாசலில் ஊர்கிற மரவட்டை. பார்த்துப் பழகிய பொருளின் பெயர் என்றால் பிள்ளை பாதி எழுத்தைப் பார்த்ததுமே மீதியைப் பிடித்துவிடும்.

தமிழில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 'தும்பி பிடி' என்று எழுதிப் பாருங்கள். இரண்டிலும் அதே 'பி'தான், ஆனால் ஒலி வேறு. எந்த இடத்தில் எப்படி ஒலிக்கும் என்று விதி சொல்லி ஆறு வயதில் விளங்கவைக்க முடியாது. தும்பியைத் துரத்தி ஓடிய பிள்ளைக்கு அதைச் சொல்லித்தரவே வேண்டாம், வாய் தானாகச் சரியாகச் சொல்லிவிடும்.

என் வகுப்புக்கு நானே கட்டிக்கொண்ட பாட்டு ஒன்று, கவிதை என்று யாரும் சொல்லமாட்டார்கள்:

குளத்தில் நீரு வந்தது
களத்தில் நெல்லு வந்தது
நெல்லைத் தேடிக் குருவி வந்தது
குருவி பார்க்க நானும் வந்தேன்

நீரு, நெல்லு என்று எழுதியதற்கு ஒரு தமிழாசிரியர் என்னோடு ரொம்ப நாள் பேசாமல் இருந்தார், அது போகட்டும். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் குளம் பெருகும், அந்தத் தண்ணீரில் விளைகிற பிசான பருவத்து நெல் மாசி, பங்குனியில் களத்துக்கு வரும். அதனால் இந்தப் பாட்டில் புதிதாக விளக்க ஒன்றுமே இல்லை. குளம், களம் இரண்டும் ஒரே ஒரு கொக்கியில் மாறுவதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். எதுகை, மோனை என்று நாம் பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்குப் படித்தது இருக்கிறதே, அதன் உண்மையான வேலை ஒன்றாம் வகுப்பில்தான். ஒரே எழுத்து ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்து நின்றால் அதைக் கண் பிடித்துக்கொள்கிறது. 247 எழுத்தையும் அட்டவணையாக ஒப்பித்துவிட்டு 'படம்' என்று எழுதியிருப்பதை வாசிக்கத் திணறுகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாட்டில் ஆபத்தும் இருக்கிறது, மறைக்கவில்லை. நாலு நாளில் மனப்பாடம் ஆகிவிடும், அப்புறம் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் கடகடவென்று 'வாசிப்பார்கள்'. ஆய்வுக்கு வருகிற அதிகாரிக்கு அதுவே மகிழ்ச்சி! நான் பாட்டைப் பெரிய தாளில் எழுதி, சொல்லுக்குச் சொல் விரல் வைக்கச் சொல்வேன். பிறகு வரிகளைக் கத்தரித்துக் கலைத்துப்போட்டு அடுக்கச் சொல்வேன். கடைசியில் ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, அங்கே வேறென்ன வரும் என்று கேட்பேன். கொக்கு வந்தது, எருமை வந்தது என்று வரிசையாக வரும். ஒரு வருஷம் பங்குனிக் கடைசியில், அதிகம் பேசாத ஒரு பையன் சிலேட்டில் 'குளத்தில் லாரி வந்தது' என்று எழுதிக்கொண்டு வந்தான். மண் அள்ளுகிற லாரி. யாரும் அவனுக்குச் சுற்றுச்சூழல் பாடம் நடத்தவில்லை, குளத்தைப் பார்த்தான், எழுதினான். 'லா'வுக்குக் கால் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றது.

சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் வரவேண்டும் என்று தமிழக அரசு 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தால் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பாட்டும் விளையாட்டும் வகுப்புக்குள் நன்றாகவே வந்திருக்கின்றன, அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் மாநிலம் முழுவதற்கும் ஒரே பாட்டு என்றால் யாரோ ஒருவருக்கு அது அந்நியமாகத்தான் இருக்கும். பறவைகள் வந்து தங்குகிற எங்கள் பக்கத்துக் கூந்தன்குளத்துப் பிள்ளை, வீட்டுக் கொல்லை மரத்திலேயே கூழைக்கடாப் பறவை கூடு கட்டுவதைப் பார்த்து வளர்கிறது, 'கூழைக்கடா' என்று எழுதிக் காட்டினால் அதற்குக் கஷ்டமே இல்லை. தூத்துக்குடிக் கரையில் நண்டும் உப்பும் வலையும், நீலகிரியில் வரையாடு. ஊருக்கு ஊர் ஆசிரியர்களே நாலு வரி கட்டிக்கொள்ளலாம், இலக்கணப்பிழை பார்க்க ஆள் எப்படியும் வந்துசேர்வார்.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். சிறுவர் பக்கத்தில் வாரம் ஒரு பாட்டு, நாலே வரி, எழுத்து பெரிதாக, சொல்லுக்குச் சொல் நல்ல இடைவெளி விட்டு. வண்ணப் படத்தின் மேலேயே எழுத்தை அச்சடிக்காதீர்கள், எனக்கே தெரியவில்லை. பாட்டுக்குக் கீழே ஒரு வரியைக் காலியாக விடுங்கள், பிள்ளைகள் நிரப்பி அனுப்பட்டும். வருவதில் நாலைந்தை எழுத்துப் பிழையைத் திருத்தாமல் அப்படியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
நாங்குநேரி வட்டம்.