விமான நேரம் கணித்துச் சொல்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் இடையில் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்று உங்கள் கணிப்பான்கள் நொடியில் சொல்லிவிடுகின்றன. தூரக் கணக்கில் எனக்குக் குறை எதுவும் இல்லை. பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்று வைத்துக்கொண்டு, உருண்டையின் மேல் போகக்கூடிய மிகக் குறுகிய வழியை அளக்கிறீர்கள். அது சரி. அதன் பக்கத்தில் போடுகிற நேரம்தான் என்னை எழுத வைத்தது.

தென் அட்லாண்டிக்கில் இருக்கும் செயின்ட் ஹெலினாவிலிருந்து தென் பசிபிக்கில் இருக்கும் ஈஸ்டர் தீவுக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். குறுக்கு வழியில் ஏறக்குறைய 10,500 கி.மீ. மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்தால் கிட்டத்தட்ட 13 மணி நேரம் வருகிறது. அந்த வழியில் பறக்கும் பயணி விமானம் எதுவும் கிடையாது. மேற்கே போக வேண்டியவர் முதலில் கிழக்கே, ஜோகன்னஸ்பர்க்குக்கு, சுமார் 3,700 கி.மீ. போக வேண்டும். அங்கிருந்து அதே அட்லாண்டிக்கை மறுபடி தாண்டி சாவ் பாவ்லோ, அப்புறம் சாண்டியாகோ, அங்கிருந்து இன்னும் 3,750 கி.மீ. கடலின் மேல். கூட்டிப் பார்த்தால் 17,000 கி.மீ. தாண்டிவிடும்! செயின்ட் ஹெலினாவின் விமானமோ பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்றுதான். தவறவிட்டால் அடுத்த வாரம். காற்று சட்டென்று திசையும் வேகமும் மாறுகிற இடம் அது. 2016-ல் தொடங்கியிருக்க வேண்டிய பயணி சேவை அதனாலேயே 2017 அக்டோபர் வரை தள்ளிப்போனது.

மருத்துவமனையில் கிடக்கும் அப்பாவைப் பார்க்கக் கிளம்புகிறவர், விடுப்பு கேட்கும் முன் உங்கள் எண்ணைத்தான் பார்ப்பார். 13 மணி நேரம் என்று வீட்டுக்கும் சொல்லிவிடுவார். அவருக்கு ஆகப்போவது நாள்கணக்கில். அந்த எண்ணைச் சொன்ன பொறுப்பு உங்களுக்கும் உண்டு என்று நினைக்கிறேன்.

விமானம் இருக்கும் வழியிலும் ஒரே எண் போதாது. ஹவாயின் ஹொனலுலுவிலிருந்து மேற்கு பசிபிக்கில் இருக்கும் குவாம் தீவுக்கு நேராகப் பறந்தால் சுமார் 8 மணி நேரம். மஜுரோ, பொன்பே, சூக் என்று தீவு தீவாக இறங்கி ஏறும் விமானத்தில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நடுவில் தேதிக் கோட்டையும் தாண்டுவதால், போய்ச் சேரும் கிழமையே மாறிவிடும். ஸ்காட்லாந்தின் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே தீவுகளுக்கு இடையே 2.7 கி.மீ.தான், இரண்டு நிமிடத்துக்குள் முடிகிற அந்தப் பயணத்துக்கும் அரை மணி சேர்ப்பதில் என்ன பொருள்?

நான் கேட்பது பெரிய வேலை இல்லை. நேரடி விமானம் இல்லாத இடத்தில் மணிக்கணக்கைக் காட்டாதீர்கள். தூரத்தை மட்டும் காட்டுங்கள். எங்கே மாற வேண்டும், வாரத்தில் எத்தனை நாள் விமானம் என்று சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. முடியாவிட்டால் "இந்த வழியில் நேரடி விமானம் இல்லை" என்ற ஒரு வரியாவது, தூரத்தைப் போட்ட அதே அளவு எழுத்தில், அதற்கு மேலேயே போடுங்கள்.

அன்புடன்,
தொலைதூரத் தீவுகளுக்கு வழி தேடும் ஒரு பயணி