ரைட்டு ரைட்டுன்னு கத்திட்டுப் போற சைக்கிள் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஞாயித்துக்கிழமை விடிகாலைல ஒரே கலர் ஜெர்சி போட்டுட்டு சிங்கப்பூர் ரயில் காரிடார்ல, அதான் பழைய ரயில் ஓடுன தடத்துல, கும்பலா கிளம்புற தம்பிங்களே, தங்கச்சிங்களே,

வணக்கம். பழைய நீல மௌண்டன் பைக்ல, கேரியர்ல ரெயின்கோட்டைக் கட்டிக்கிட்டு, வாராவாரம் நீங்க முந்திட்டுப் போவீங்களே ஒரு அங்கிள், அவன்தான் நான். முந்துறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, 54 வயசுக்கு மேல யாரு முந்துனா என்ன. விஷயம் வேற.

போன மாசம் ஒரு ஞாயிறு, ராத்திரி பூரா மழை, ஹில்வியூகிட்ட பாதை சொதசொதன்னு கெடந்துச்சு. எனக்கு முன்னாடி ஒரு சீன ஆண்ட்டி, எழுபது வயசு இருக்கும், குடையவே கைத்தடியா ஊனிட்டு நடந்து போறாங்க, இன்னொரு கைல சிவப்பு பிளாஸ்டிக் பை. பின்னாலேர்ந்து நீங்க ஆறு பேர், "ரைட்! ரைட்! ரைட்!" உங்களுக்கு அதுக்கு அர்த்தம் நாங்க ரைட்டுல வர்றோம், நீங்க அப்படியே போங்கன்னு. ஆண்ட்டிக்கு எப்படிக் கேட்டுச்சுன்னா ரைட்டுக்குப் போன்னு. சொன்ன பேச்சைக் கேக்குற மனுஷி, ரைட்டுக்கு ஒரு எட்டு வெச்சிட்டாங்க. முதல்ல வந்த தம்பி பிரேக்கைப் பிடிச்சதும் பின்சக்கரம் அப்படியே வழுக்கி ஓரத்துப் புல்லுக்குப் போச்சு, ஆண்ட்டிக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவுல ஒரு சாண்கூட இருக்காது. பை கீழ விழுந்து ஆரஞ்சு பழமெல்லாம் உருண்டுச்சு. "சாரி ஆண்ட்டி"ன்னு ஒரு குரல், அவ்ளோதான், ஒருத்தரும் நிக்கல.

நானும் அவங்களும் குனிஞ்சு பொறுக்குனோம். ஒண்ணு சாக்கடைக்குள்ள போயிடுச்சு, விட்டுட்டோம். ஆண்ட்டி திட்டுவாங்கன்னு பாத்தா, "பரவால்ல லா, வேலைக்கு லேட்டு போல"ன்னு சிரிக்கிறாங்க. ஞாயித்துக்கிழமை காலை ஏழு மணி! அந்தச் சிரிப்புதான் என்னை இதை எழுத உக்கார வெச்சது, திட்டியிருந்தா நானும் மறந்திருப்பேன்.

நான் ஒண்ணும் யோக்கியன் இல்ல, இதையும் சொல்லிடறேன். ஒரு காலத்துல எனக்கும் ஸ்ட்ராவா பைத்தியம் இருந்துச்சு, யாரு எவ்ளோ வேகம்னு வரிசை போடுற ஆப், அதுல ஒரு துண்டுப் பாதைல பத்தாவது இடத்துக்கு வர்றதுக்காக டெய்ரி ஃபார்ம் காட்டுப்பாதைல வேர் மேல ஏறி எகிறி விழுந்து, முழங்கைல இன்னும் தழும்பு இருக்கு. பத்தாவது இடமும் கிடைக்கல.

சரி, பாதைக்கு வர்றேன். 2011 ஜூன் 30 ராத்திரி தஞ்சோங் பகார்லேர்ந்து மலேசிய ரயில்வேயோட கடைசி ரயில் கிளம்புச்சு, ஜோகூர் சுல்தானே இஞ்சின்ல ஏறி ஓட்டிட்டுப் போனாரு. மறுநாள் அந்த நிலம் மொத்தமும் சிங்கப்பூர் கைக்கு வந்துச்சு, வடக்குலேர்ந்து தெற்கு வரைக்கும் 24 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பச்சை நாடா. இந்த ஊர்ல சும்மா கெடக்குற நிலம்னு ஒண்ணு உண்டா? ரோடு போட்டிருக்கலாம், பிளாக் பிளாக்கா வீடு எழுப்பியிருக்கலாம். நடக்குறவங்களுக்கும் நமக்கும் விட்டு வெச்சிருக்காங்க. தண்டவாளத்தை அங்கங்க மட்டும் அடையாளத்துக்கு வெச்சுட்டு மீதிய எடுத்துட்டாங்க, புக்கிட் தீமா ஸ்டேஷனையும் அந்த ரெண்டு இரும்புப் பாலத்தையும் சரி பண்ணி நிறுத்தியிருக்காங்க. அதுல நம்ம ஆளுங்களுக்கும் பங்கு இருக்கு தம்பி. காமன்வெல்த் டிரைவ்ல இருக்குற முனீஸ்வரன் கோயில், ரயில்வேல வேலை பாத்த நம்மவங்க 1932ல தண்டவாளத்தோரம் கும்பிட ஆரம்பிச்சதுதான். புது சைக்கிள் வாங்குனா அங்க கொண்டுபோய் டயருக்கு அடில எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்குறோம்ல, எண்ணாயிரம் வெள்ளி கார்பன் சைக்கிளுக்கும் அதே பழம்தான். காவல் தெய்வம்கிட்ட அனுமதி வாங்கிட்டுக் கிளம்பி, அதே பாதைல நடந்து போற ஒரு பாட்டியை விரட்டுனா எப்படி?

நான் போற ரவுண்டு என்னன்னா, கோயில்கிட்டேர்ந்து காரிடார்ல வடக்கே ஏறி, ஸ்டேஷன், இரும்புப் பாலம் எல்லாம் தாண்டி ஹில்வியூ, அங்கேர்ந்து டெய்ரி ஃபார்ம், ஸெங்ஹுவா, பிகேஇ நெடுஞ்சாலைக்கு அடில புகுந்து செஸ்ட்நட், திரும்பி வர்றப்ப புக்கிட் பாத்தோக் குட்டி குய்லின் குளம், அப்புறம் ரோடு கொஞ்சம் நடைபாதை கொஞ்சம்னு ஒட்டுப்போட்டு உலு பாண்டான் கால்வாயோரம் வீட்டுக்கு. என் மீட்டர்ல 35 கிலோமீட்டருக்கு மேல வரும். இந்த ரவுண்டோட ருசியே தரை மாறிக்கிட்டே இருக்குறதுதான். சரளை, புல்லு, செம்மண்ணு, வேரு, பலகை, சிமெண்ட், மறுபடி சரளை. தரை மாறும்போதெல்லாம் வேகமும் மாறணும், அது தானா கால்ல வரணும். நீங்க என்னடான்னா கால்வாயோரம் போற அதே வேகத்துல சரளைலயும் போறீங்க. பூங்கா இணைப்புப் பாதைல 25 கிலோமீட்டர்னு சொல்லியிருக்குறது அதுக்கு மேல போகாதேன்னு, 25ஐத் தொட்டே ஆகணும்னு நேர்த்திக்கடன் இல்ல.

பெல் அடிங்க, கத்தாதீங்க. அதையும் முதுகுக்குப் பின்னாடி வந்து அடிக்காம ஒரு 20 மீட்டர் முன்னாடியே, ஒரு தடவை, டிங்னு. அவங்க திரும்பிப் பாத்து எந்தப் பக்கம் ஒதுங்குறாங்கன்னு தெரிஞ்ச அப்புறம் போங்க. பெல் வெச்சா கிராம் ஏறும்னு கழட்டி வெச்சிருக்கீங்க பாருங்க, முந்தின நாள் ராத்திரி சாப்பிட்ட பிரியாணி எத்தனை கிராம்னு கேட்டா பதில் இல்ல.

இன்னொன்னு, இது பெரிய ஆளுங்களே பண்றாங்க. காட்டுப்பாதைல தண்ணி தேங்கியிருந்தா சைக்கிள் அழுக்காகும்னு ஓரமா சுத்திப் போறீங்க. பத்து பேர் அப்படிச் சுத்துனா ஓரத்துச் செடி போச்சு, அங்க புதுசா ஒரு சேறு, அடுத்த வாரம் அதையும் சுத்தி இன்னொருத்தன். ரெண்டடி பாதை ஆறடி ஆகுறது இப்படித்தான். குட்டைக்கு நடுவுலயே மெதுவா விட்டுப் போங்க, சேறு கழுவுனா போயிடும். மழை விட்ட உடனே செஸ்ட்நட் பக்கம் போகவே வேணாம், ஈரமா இருக்குறப்ப சக்கரம் போட்ட பள்ளம் காஞ்சா கல்லு மாதிரி நிக்குது. 81 ஹெக்டேர் காடு, நடக்குறவங்களுக்கு ஒரு பாதை மௌண்டன் பைக்குக்கு ஒரு பாதைன்னு பிரிச்சே குடுத்திருக்காங்க, அதுலயும் நடக்குற பாதைல டயர் தடத்தைப் பாத்தேன். யாருதுன்னு கேக்கல.

அங்க இருக்குறது நாம மட்டும் இல்ல. காட்டுக்கோழி திடீர்னு குறுக்க ஓடும், உடும்பு நடுப்பாதைல படுத்து வெயில் காயும், குரங்கு பிளாஸ்டிக் சத்தம் கேட்டாலே பையைப் பிடுங்க வந்துடும். 1986ல பிகேஇ போட்டு காட்டை ரெண்டா வெட்டுனாங்க, அதை ஒட்ட வெக்கிறதுக்காக 2013ல மிருகங்களுக்குன்னே தனியா ஒரு பாலம் கட்டுனாங்க. அவ்ளோ செலவு பண்ணி எறும்புதின்னியைக் கடக்க விட்டுட்டு, அதை இந்தப் பக்கம் சைக்கிள்ல அடிச்சா நல்லாவா இருக்கும்?

மூடிடுவாங்கன்னு பயமுறுத்தறேன்னு நெனைக்காதீங்க. புக்கிட் தீமா குன்று, இந்த நாட்டுலயே உயரமானது, 163 மீட்டர்தான். 2014லேர்ந்து ரெண்டு வருஷம் சரிவும் பாதையும் ரிப்பேர்னு பெரும்பாலும் மூடித்தான் வெச்சிருந்தாங்க. நடக்குறவங்க கால் பட்டே பாதை அப்படித் தேயுதுன்னா நம்ம சக்கரம் என்ன பண்ணும்னு நீங்களே பாத்துக்கோங்க.

வர்ற ஞாயிறு காலை 6.45க்கு கோயில் வாசல்ல நிப்பேன். வர்றவங்க டயர்ல காத்தைக் கொஞ்சம் இறக்கிட்டு வாங்க, கல்லு மாதிரி அடிச்சிட்டு வந்தா சரளைல குலுங்கிக் குலுங்கி கை மரத்துடும், வழுக்கவும் செய்யும். முடிச்சுட்டு தே தாரிக் டீயும் புரோட்டாவும் என் செலவு. முன்னாடி நான்தான் போவேன், யாரும் முந்தக் கூடாது. ஹில்வியூல அந்த ஆண்ட்டியைப் பாத்தா இறங்கி நிக்கணும், நான் கேரியர்ல ஒரு கிலோ ஆரஞ்சு கட்டிட்டு வர்றேன், அந்த வழுக்குன தம்பி கையால குடுக்கட்டும்.

இப்படிக்கு,
நீல சைக்கிள் அங்கிள்