உடம்பில் ஒன்று, கொடியில் ஒன்று

சென்னிமலை,
ஞாயிறு காலை.

அன்புள்ள அம்மணிக்கு,

நேற்று ராத்திரி நீ வாட்ஸப்பில் அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். கட்டில் நிறையத் துணி, கீழே மூன்று பெட்டி, நடுவில் பாப்பா உட்கார்ந்திருக்கிறாள். ஆறு நாள் அந்தமானுக்கு இது போதுமா என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதியில் உனக்கு ஆபீஸ் கூப்பிட்டுவிடும். அதனால் எழுதவே உட்கார்ந்துவிட்டேன்.

1996-ல் நாம் அங்கே போனது உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்குமோ தெரியாது. பாப்பாவுக்கு இப்போது இருக்கிற அதே ஐந்து வயசு உனக்கு. உன் மாமா அப்போது போர்ட் பிளேரில் வேலையில் இருந்தார். சென்னையிலிருந்து கப்பலில் போனோம், மூன்று நாள் ஆயிற்று. சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறோம், நாலு பேர் பார்ப்பார்கள் என்று அம்மா ஐந்து பட்டுப்புடவை எடுத்துக்கொண்டாள். நான் கனத்த பேன்ட் நாலு வைத்தேன். அதுபோக ஜமக்காளம், தலையணை, தூக்குப்போசி.

மாமா வீட்டிலிருந்து ஹேவ்லாக் பார்க்கக் கிளம்பினோம். இப்போது அதற்குச் சுவராஜ் தீவு என்று பெயர். அங்கே போய் இறங்கும்போது படகு நன்றாக ஆடியது. என் இரண்டு கையிலும் பெட்டி. அம்மாவுக்குக் கையில் ஒன்று, தோளில் ஒன்று. நீ படகின் விளிம்பில் நின்று "தூக்குப்பா" என்று கை நீட்டினாய். முகம் தெரியாத ஒருவர் உன்னைத் தூக்கித் துறையில் இறக்கிவிட்டார். நீ வீறிட்டு அழுதாய். பெட்டியைக் கீழே போட்டுவிட்டு உன்னைத் தூக்கியிருக்கலாமே என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். அந்தப் பெட்டியில் இருந்த புடவைகளில் அம்மா கட்டியது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் வீடு வந்து பிரித்தபோது மடிப்பு மடிப்பாகப் பூஞ்சணம் பூத்திருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், கண்ணு. நீயும் மாப்பிள்ளையும் தோளில் மாட்டுகிற பை ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பாப்பாவுக்குத் தனிப் பை வேண்டாம், உன் பையிலேயே அவள் துணியும் அடங்கும். சக்கரப் பெட்டி விமான நிலையத்தில் ஓடும், மணலில் ஓடாது. வெறும் பெட்டியே மூன்று நாலு கிலோ இருக்கும். உள்நாட்டு விமானத்தில் கையில் கொண்டுபோகப் பொதுவாக ஆளுக்கு 7 கிலோ விடுகிறார்கள். அதற்குள் இரண்டு பையையும் முடித்துவிட்டால், இறங்கின கையோடு வெளியே வந்துவிடலாம். பவர் பேங்க் எப்படியும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்கில் போடக்கூடாது.

சரி, ஏழு கிலோவில் எப்படி அடக்குவது? உடம்பில் ஒன்று, கொடியில் ஒன்று, பையில் ஒன்று. ஆளுக்கு மூன்று செட், அவ்வளவுதான். பாப்பாவுக்கு மட்டும் இரண்டு கூட வை. ராத்திரி அலசிப் போட்டது காலையில் காய்ந்திருந்தால் மூன்று செட்டில் ஆறு நாளும் ஓட்டலாம், ஒரு மாதமும் ஓட்டலாம். காயாவிட்டால் பத்து செட்டும் பத்தாது. எல்லாம் துணி எப்படிப்பட்டது என்பதில்தான் இருக்கிறது.

அந்தமானில் ஜனவரியிலும் பகலில் 30 டிகிரி வரும், ராத்திரி 22, 23-ஐ ஒட்டியே இருக்கும். வெயிலைவிடக் காற்றில் இருக்கிற ஈரம்தான் தொந்தரவு. நம் ஊர்க் காற்று வறண்ட காற்று, எதைப் போட்டாலும் காய்ந்துவிடும். அங்கே அப்படி இல்லை. போட்டோவில் ஜீன்ஸ் நாலு எண்ணினேன். ஒன்றுகூட வேண்டாம். ஒரு தடவை நனைந்தால் இரண்டு நாள் ஈரமாகவே கிடக்கும், அதைத்தான் நீ சுமக்க வேண்டி வரும்.

முப்பது வருஷம் நூல் கடையில் உட்கார்ந்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். சிட்டம் என்பது 840 கஜ நீள நூலைச் சுற்றிய கட்டு. ஒரு பவுண்டு எடையில் அப்படிச் சிட்டம் எத்தனை வருகிறதோ, அதுதான் நூலின் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசாகும். 60, 80 நம்பர் நூலில் நெய்த சட்டை, சுடிதார் எல்லாம் வேர்வையை உறிஞ்சும், காற்று உள்ளே வரும், சீக்கிரம் காயும். சில பேர் எதற்கும் பாலியஸ்டர் என்பார்கள். அது காய்வது என்னவோ உண்மை. ஆனால் வேர்வையை உறிஞ்சாது, உடம்போடு ஒட்டும், மத்தியானத்துக்குள் நாற்றம் வந்துவிடும். கடலில் இறங்க மட்டும் பருத்தி வேண்டாம், தண்ணீர் குடித்துக் கனத்துக் காலைச் சுற்றும். அதற்கு மூன்று பேருக்கும் முழுக்கை வைத்த நீச்சல் உடை ஒவ்வொன்று வாங்கிக்கொள். முதுகும் கையும் மூடியிருந்தால் வெயிலும் சுடாது, சன்ஸ்கிரீனும் பாட்டில் பாட்டிலாகத் தேவைப்படாது.

துண்டு விஷயத்துக்கு வருகிறேன். தேங்காய்ப்பூத் துண்டு மூன்று மடித்து வைத்திருக்கிறாய். அதில் கண்ணி கண்ணியாக நூல் நிற்கிறது பார், அத்தனையும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்றும் சேர்ந்து பையில் பாதியை அடைத்துவிடும். நம் ஈரிழைத் துண்டு நாலு பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இரண்டு இரண்டு இழையாகச் சேர்த்து நெய்தது, நாலையும் மடித்தால் ஒரு தேங்காய்ப்பூத் துண்டின் இடத்தில் அடங்கும். துவட்டலாம், மணலில் விரிக்கலாம், பாப்பா தூங்கினால் போர்த்தலாம், வெயிலில் தலையில் போட்டுக்கொள்ளலாம். இன்னொன்றும் இருக்கிறது. அலசிய துணியைக் காய்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி, இரண்டு பக்கமும் பிடித்து முறுக்கு. ஈரத்தில் பாதியைத் துண்டு வாங்கிவிடும். அப்புறம் ஃபேன் காற்றிலேயே காய்ந்துவிடும். நைலான் கயிறு ஒரு நாலு மீட்டர், துணி சோப்பில் ஒரு துண்டு வைத்துக்கொள்.

மாப்பிள்ளைக்கு ஒரு கைலி வை. அவர் வெளியே கட்டாவிட்டாலும் கடற்கரையில் உடை மாற்ற மறைப்பாக ஆகும்.

செருப்பு இரண்டு ஜோடி போதும். ஒன்று ரப்பர்ச் செருப்பு. இன்னொன்று பின்னால் வார் வைத்தது, தோல் வேண்டாம். தண்ணீருக்குள் செத்த பவளம் காலைக் கீறிவிடும், பாப்பாவுக்கும் வார் வைத்ததே வாங்கு. சாயங்காலத்துக்கு என்று தனி உடுப்பு எதற்கு? அந்தமான் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறது, கடிகாரமோ நம் கடிகாரம்தான். ஐந்தரைக்குள் இருட்டத் தொடங்கிவிடும். காலையில் சீக்கிரம் எழுந்து கடலுக்குப் போங்கள், நல்ல பொழுது அதுதான்.

பாப்பாவுக்குப் படகில் குமட்டலாம். எந்த மாத்திரை, எவ்வளவு என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு வாங்கி வை. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் நாலைந்து போடு. கனம் என்று பார்க்காமல் எடுத்துப் போக வேண்டியது இவைதான். அம்மா முறுக்கு சுட்டிருக்கிறாள். அதையும் கனம் என்று விட்டுவிடாதே, நேற்றெல்லாம் அடுப்படியில் நின்றாள்.

கரையில் சங்கு, பவளத் துண்டு என்று பாப்பா பொறுக்குவாள். பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடச் சொல். பவளம் வனவிலங்குச் சட்டத்தில் காக்கப்பட்டது, செத்து ஒதுங்கியதைக்கூட எடுத்து வரக்கூடாது.

பையைக் கட்டி முடித்ததும் தோளில் மாட்டிக்கொண்டு, பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, உன் வீட்டு மாடிப்படி ஒரு தடவை ஏறி இறங்கிப் பார். மூச்சு வாங்கினால் இன்னும் இரண்டு துணியை வெளியே எடு. மாப்பிள்ளையையும் அப்படியே பார்க்கச் சொல்.

பார்சல் செவ்வாய்க்கிழமை வந்துவிடும். துண்டு புதுசு, கஞ்சி இருக்கும், அப்படியே துடைத்தால் தண்ணீரை உறிஞ்சாது. ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் அலசு. கிளம்புவதற்குள் இரண்டு தடவை அப்படிச் செய்துவிடு.

அன்புடன்,
அப்பா