பொசமுக்கு இரங்குவோர் பட்டி மாட்டையும் நினைக்க வேண்டும்

ஆசிரியருக்கு,

நியூசிலாந்தில் பொசம் என்ற விலங்கை விஷம் வைத்துக் கொல்வது பெருங்கொடுமை என்று தங்கள் ஞாயிறு இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய இரக்கத்தை மதிக்கிறேன். ஆனால் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் மாட்டுப்பட்டிகளிலேயே உத்தியோக காலத்தைக் கழித்தவன் என்ற முறையில், அவர் எழுதாமல் விட்டதை நான் எழுதியாக வேண்டும்.

பூனையளவு உடம்பும் அடர்ந்த வாலும் கொண்ட பொசம் அவுஸ்திரேலியாவுக்குரியது. கங்காருவைப் போலப் பையில் குட்டி வளர்ப்பது. சினைப்பட்ட பதினெட்டு நாளுக்குள் கச்சான் பருப்பளவில் பிறக்கும் குட்டி, கண் திறக்காமலே தாயின் மயிரைப் பற்றி ஊர்ந்து பைக்குள் போய் முலையைக் கவ்விக்கொள்கிறது. நாலைந்து மாதம் பையிலும் பிறகு தாயின் முதுகிலும் வளர்கிறது. பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு குட்டிதான். அப்படியிருந்தும் நியூசிலாந்தில் கோடிக்கணக்கில் பெருகியதற்கு முக்கிய காரணம், அங்கே அதைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு வேட்டையாட எந்த விலங்கும் இல்லாததே. வௌவாலைத் தவிர வேறு தரைவாழ் பாலூட்டியே அந்த மண்ணுக்கு உரித்தாக இருந்ததில்லை.

அது தானாக அங்கே போகவில்லை. தோல் வியாபாரத்துக்காக 1837இல் கொண்டுபோனார்கள், நிலைக்கவில்லை. 1858இல் மறுபடியும் விட்டார்கள், நிலைத்துவிட்டது. பல பத்தாண்டுகள் சட்டம் போட்டுப் பாதுகாக்கவும் செய்தார்கள். இலை தின்னும் பிராணிதானே என்றிருந்தவர்களுக்கு, அது கொக்காக்கோ என்ற அரிய பறவையின் கூட்டில் முட்டையையும் குஞ்சையும் தின்பதை 1993இல் கமரா காட்டிக்கொடுத்தது.

மாட்டுக்காரர்கள் அறிய வேண்டியது இதற்கும் மேலானது. பொசம் மாட்டுக் காசநோயைச் சுமக்கிறது. நோய் முற்றிய பொசமுக்கு அக்குளிலும் கவட்டிலும் கட்டி உடைந்து சீழ் வடியும். இரவில் மட்டும் நடமாடும் பிராணி, அந்த நிலையில் பட்டப்பகலில் மேய்ச்சல் தரையில் தள்ளாடித் திரியும். மாட்டின் குணம் நமக்குத் தெரியும்: புதிதாக எதைக் கண்டாலும் சுற்றிநின்று மூக்கை நீட்டி முகரும், நக்கும். அத்தோடு நோய் பட்டிக்குள் வந்துவிடுகிறது. 1990களின் நடுப்பகுதியில் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மந்தைகளில் இந்நோய் இருந்தது. மாடுகளைச் சோதித்து அகற்றியதோடு பொசத்தையும் விடாமல் ஒழித்ததால்தான் இன்று அந்த எண்ணிக்கை ஐம்பதுக்கும் கீழே இறங்கியிருக்கிறது. பால் கறந்து பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஒரு குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பொசத்தைக் கொல்லத் தூவும் '1080' என்ற நஞ்சு நாய்களையும் கொல்கிறது என்று வாசகர் எழுதியது உண்மை. நாய்க்கு அது மிகக் கொடியது. பொசம் பிணத்தைத் தின்றாலே போதும். அதனால்தான் விஷம் தூவும் இடங்களில் முன்னறிவித்தல் செய்கிறார்கள், பொறியும் வைக்கிறார்கள். ஆனால் மனிதன் கால் வைக்க முடியாத மலைக்காட்டில் பொறியை மட்டும் நம்ப முடியாது. கொல்லும் நிலைக்கு அந்நாட்டைத் தள்ளியவர்கள் பொசத்தைக் கப்பலில் ஏற்றியவர்களே.

இங்கே மட்டும் என்ன நடந்தது? 1939இல் கொழும்புக்கு ஆய்வுக்கென வந்த சல்வீனியா என்ற நீர்க்களை வயல்வாய்க்கால் வரை பரவியது. ஆற்றுவாழை என்ற மிதக்கும் களையை வாவியிலிருந்து இன்றும் ஆள்வைத்து அள்ளுகிறோம். இப்போது வீட்டுத் தொட்டியில் வளர்த்துச் சலித்த வெளிநாட்டு மீன்களைச் சிலர் வாவியிலும் குளத்திலும் கொண்டுபோய் விடுகிறார்கள். அதைப் புண்ணியம் என்றே நம்புகிறார்கள்.

அலங்கார மீன் விற்கும் கடைகள், வளர்த்தவர் வேண்டாமென்று கொண்டுவரும் மீனைத் திரும்ப ஏற்பதை வியாபார அனுமதியின் நிபந்தனையாக மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட உள்ளூராட்சி மன்றங்கள் உடனே ஆக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர்,
கொக்கட்டிச்சோலை